டியூஷன் ஃபீஸ் நாம கட்டுறோம்... பிள்ளையோட நோட்டை யார் பார்க்கிறாங்க?

ஜூன் மாதம் ஸ்கூல் திறந்ததும் யூனிஃபார்ம், ஷூ, நோட்டு லிஸ்ட்டோடு இன்னொரு கேள்வியும் வீட்டுக்குள் வந்துவிடும்: "மேத்ஸுக்கு எங்க சேர்க்கிறது?" வீட்டில் பத்தாவதோ ப்ளஸ் டூவோ படிக்கிற பிள்ளை இருந்தால் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சே இருக்காது. எந்த சென்டர், எந்த பேட்ச், காலை ஐந்தரையா மாலை ஆறரையா என்பது மட்டும்தான் பாக்கி.

டியூஷன் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. கேட்க வேண்டியது கொஞ்சம் சிம்பிளான கேள்வி. ஸ்கூலுக்கும் ஃபீஸ், டியூஷனுக்கும் ஃபீஸ் என்று இரண்டு முறை கட்டுகிறோமே, அந்த இரண்டாவது ஃபீஸில் பிள்ளைக்குப் புதிதாக என்ன கிடைக்கிறது? ஸ்கூலில் கிடைக்காத எது அங்கே கிடைக்கிறது? அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் எந்த டியூஷன் வேண்டும், எது வேண்டாம், ஸ்கூலிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

எத்தனை பேர் போகிறார்கள்?

மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2025-ல் கல்விச் செலவு பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நாடு முழுக்க பள்ளி மாணவர்களில் 27% பேர் அந்தக் கல்வியாண்டில் தனியார் கோச்சிங்குக்குப் போனதாக அதில் தெரிந்தது. நகரத்தில் 30.7%, கிராமத்தில் 25.5%. டியூஷன் என்பது சிட்டி பழக்கம் என்று நினைத்தால் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் பணத்தில் இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஆகும் கோச்சிங் செலவு நகரத்தில் ரூ.9,950, கிராமத்தில் ரூ.4,548. ஒரே பாடம், ஒரே பொதுத்தேர்வு. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் பர்ஸ் வேறு.

ஆரம்ப வகுப்புகளிலும் இது கூடிக்கொண்டே போகிறது. கிராமப்புறக் குழந்தைகளைப் பற்றிய 'ஏசர்' ஆய்வில், 1 முதல் 8 வரை படிப்பவர்களில் காசு கட்டி டியூஷன் போகிறவர்கள் 2018-ல் 26.4%. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் அது 30.5%. பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் இது 70 சதவீதத்தையும் தாண்டியது. ஸ்கூலின் நிழல்போலக் கூடவே வளர்வதால், ஆய்வாளர் மார்க் பிரே இதை 'நிழல் கல்வி' என்ற பெயரில் எழுதினார். யுனெஸ்கோவுக்காக அவர் எழுதிய புத்தகம் 1999-லேயே வந்துவிட்டது.

ஏன் குறிப்பா மேத்ஸும் சயின்ஸும்?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: கட்-ஆஃப். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லை. ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கவுன்சிலிங். மேத்ஸ் 100-க்கு, பிசிக்ஸ் 50-க்கு, கெமிஸ்ட்ரி 50-க்கு என மொத்தம் 200. அதாவது பிசிக்ஸில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் அரை மார்க் போகும். மேத்ஸில் ஒரு மார்க் போனால் முழுசாக ஒன்று போகும். அரை மார்க்கில் எத்தனை பேர் முன்னால் போய்விடுவார்கள் என்பது கவுன்சிலிங் ரேங்க் லிஸ்ட்டைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். மெடிக்கல் பக்கம் போகிறவர்களுக்கு நீட் என்று தனி ஓட்டம்.

இரண்டாவது காரணம் அந்தப் பாடங்களிலேயே இருக்கிறது. வரலாற்றில் ஆறாம் வகுப்பில் ஒரு பாடத்தை விட்டுவிட்டாலும் ஒன்பதாம் வகுப்பில் வேறொரு பாடத்தைப் படித்துவிடலாம். கணக்கு அப்படி இல்லை. அது ஏணி. நடுவில் ஒரு படி உடைந்திருந்தால் மேலே எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் கால் வைக்க இடம் இருக்காது.

ஒரு உதாரணம். பத்தாவதில் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும்போது இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பெருக்கினால் 6, கூட்டினால் −5 வரணும். விடை −2, −3. பல பிள்ளைகள் இங்கே மாட்டுவார்கள். ஏன்? "மைனஸ் மைனஸ் ப்ளஸ்" என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது பெருக்கலுக்கான விதி. அதையே கூட்டலிலும் போட்டு, −2 −3 என்றால் +5 என்று எழுதிவிடுவார்கள். பார்க்கிறவருக்கு "இருபடிச் சமன்பாடு வரலை" என்றுதான் தோன்றும். உண்மையில் வராதது ஆறாவது, ஏழாவதில் வரும் முழுக்கள் பாடம். இந்தப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கை ஐம்பது முறை போட்டுக் காட்டினாலும் ஐம்பத்தோராவது முறை அதே இடத்தில்தான் தவறும்.

சயின்ஸுக்கும் இப்படி ஒன்று உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் முதல் தொகுதியிலேயே இயக்கவியல் வந்துவிடும். அதில் வெக்டரும் வேண்டும், வகை நுண்கணிதமும் வேண்டும். ஆனால் மேத்ஸ் புத்தகத்தில் வெக்டரும் வகை நுண்கணிதமும் இருப்பது இரண்டாம் தொகுதியில். பிசிக்ஸ் புத்தகமே தேவையான கணக்கைச் சுருக்கமாகச் சொல்லித் தருகிறது. வேகமாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது போதும். மற்றவர்கள் ஜூலை மாதமே "பிசிக்ஸ் எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரம் டியூஷன்.

ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிஷம்?

இந்த இரண்டு உதாரணங்களிலும் பிள்ளைக்குத் தேவைப்படுவது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருவர் நோட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, "இதோ, இந்த வரியில விட்டுட்ட" என்று சொல்ல வேண்டும். பிறகு அந்த உடைந்த படியை மட்டும் சரிசெய்ய வேண்டும். இதற்கு நேரம் வேணும். அந்த நேரத்தைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், அல்லது வாங்குவதாக நினைக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். வகுப்பில் 40 பேர், ஒரு பீரியட் 45 நிமிஷம். ஆசிரியர் போர்டு பக்கமே போகாமல் நோட்டு மட்டும் பார்த்தாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். பாடமும் நடத்தணும், போர்ஷனும் முடிக்கணும், எமிஸ் பதிவும் பண்ணணும் என்றால் அந்த ஒரு நிமிஷமும் இல்லை. இதில் ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, டியூஷன் சென்டரில்? பேட்சுக்கு 60 பேர், ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிஷம். அங்கேயும் ஒரு போர்டு, ஒரு மைக், போர்டில் போட்ட கணக்கை நோட்டில் காப்பி செய்வது, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். இது காசு வாங்கும் இரண்டாவது ஸ்கூல். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்த டெஸ்ட் பயிற்சி உதவும். வேகம் கூடும், சென்டம் வரும். சென்டரின் பேனரில் அந்தப் பிள்ளையின் போட்டோதான் இருக்கும். படி உடைந்த பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே பாடத்தை இரண்டாவது முறையும் புரியாமல் கேட்டுவிட்டு வரும்.

தெருவில் ஒரு டீச்சரக்கா வீட்டில் ஆறு பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கிறார் என்றால், ஒரு பிள்ளைக்கு பத்து நிமிஷம். ஏசி இல்லை, ஆப் இல்லை, பேனர் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் நோட்டைப் பார்க்க முடியும். எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு வீட்டிலிருந்தே சொல்லிக் கொடுக்கும் பெண்கள், வேலை தேடிக்கொண்டே மாலையில் பாடம் எடுக்கும் இன்ஜினீயரிங் பட்டதாரிகள் என்று இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டியூஷன் என்றாலே கொள்ளை என்று பேசினால் இவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

ஆன்லைன் வகுப்புகளுக்கும் இதே அளவுகோல்தான். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட பைஜூஸ் நிறுவனம் 2024-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதன் பணப் பிரச்னைக்குப் பல காரணங்கள் உண்டு. பெற்றோருக்கு அதில் இருக்கும் பாடம் வேறு: வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும், அது பிள்ளை எழுதிய வரியைப் பார்க்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 28-வது பிரிவு, ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. காரணம் வெளிப்படை. வகுப்பில் சொல்லாததை மாலையில் காசுக்குச் சொல்லலாம் என்ற வாய்ப்பே இருக்கக் கூடாது. இந்தப் பிரிவு ஓரளவு எல்லோருக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாதது அதே சட்டத்தின் 24-வது பிரிவு. ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட வேண்டும், தேவைப்பட்டால் அதற்கேற்பக் கூடுதலாகச் சொல்லித் தர வேண்டும் என்கிறது அது. இதை இன்னொரு முறை படியுங்கள். ஒவ்வொரு குழந்தையையும் பார்த்து, எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து, கூடுதலாகச் சொல்லித் தருவது. நாம் டியூஷனில் தேடுகிற அதே விஷயம், ஸ்கூலின் கடமையாகச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். படிகள் உடைவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான்.

கோச்சிங் சென்டர்களுக்கு மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவு கட்டாயம், பாடம் எடுப்பவர் குறைந்தது பட்டதாரியாக இருக்க வேண்டும், பள்ளி நேரத்தில் வகுப்பு நடத்தக் கூடாது, ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான ஃபீஸை 10 நாளில் திருப்பித் தர வேண்டும், 16 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது, முதல் முறை மீறினால் ரூ.25,000 அபராதம் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் இது 50 பேருக்கு மேல் படிக்கும் சென்டர்களுக்குத்தான். கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலங்கள் இதைத் தங்கள் சட்டமாகக் கொண்டுவந்தால்தான் பல் முளைக்கும். "எங்களிடம் படித்தவர்" என்று எல்லா டாப்பர்களின் போட்டோவையும் போடுகிற விளம்பரங்களுக்கு எதிராகவும் 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது.

கட்டடப் பாதுகாப்பு இன்னொரு விஷயம். 2019 மே மாதம் சூரத்தில் ஒரு கோச்சிங் சென்டர் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 22 பேர் இறந்தார்கள். மாடிப்படிக்கு ஒரே ஒரு வழி இருக்கும் மூன்றாவது மாடி சென்டரில் பிள்ளையைச் சேர்க்கும்போது, ரிசல்ட் போஸ்டரைப் பார்க்கும் கண் அந்தப் படிக்கட்டையும் பார்க்க வேண்டும்.

தடை போட்டுட்டா சரியாயிடுமா?

ஆகாது. செய்து பார்த்த நாடுகள் இருக்கின்றன. தென் கொரியா 1980-ல் தனியார் டியூஷனைத் தடை செய்தது. ரகசியமாக நடந்தது. 2000-ல் அந்த நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சீனா 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தக் கூடாது என்றது. பெரிய கம்பெனிகள் சரிந்தன. ஆனால் வசதியுள்ள வீடுகளுக்கு ஆசிரியர்கள் ரகசியமாக வர ஆரம்பித்தார்கள், ஃபீஸும் ஏறியது. தேவை அப்படியே இருக்கும்போது கடையை மட்டும் மூடினால், கதவுக்குப் பின்னால் விலை கூடும். அதைக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு முன்பு இருந்ததும் போய்விடும்.

தமிழ்நாடு செய்து பார்த்த ஒன்று

கொரோனாவில் ஸ்கூல் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், வீட்டுக்குப் பக்கத்திலேயே தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். தன்னார்வலருக்கு மாதம் ரூ.1,000. பெற்றோருக்குச் செலவு இல்லை. யோசித்துப் பார்த்தால் இது என்ன? அரசு நடத்திய இலவச டியூஷன்.

அது வேலை செய்ததா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். ஸ்கூல் திறந்த 6 மாதங்களுக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. அந்த மீட்சியில் சுமார் 24% இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்களின் கணக்கு. ஸ்மார்ட் போர்டு இல்லாமல், தெருத் திண்ணையில், சின்னக் குழுவாக உட்கார்ந்து நடந்த வகுப்புக்கு இது பெரிய ரிசல்ட்.

2025-26 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை அடிப்படையில் தடுமாறும் மாணவர்களுக்காக 'திறன்' திட்டமும் வந்திருக்கிறது. கணக்கும் அதில் உண்டு. வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளை நிற்கிற படியைப் பார்க்கும் யோசனை இது. சரியான திசை. இது பத்தாவதுக்கும் ப்ளஸ் ஒன்னுக்கும் நீள வேண்டும். தனியார் பள்ளிகளும் தப்பிக்கக் கூடாது. அங்கே ஸ்கூல் ஃபீஸை ஒழுங்குபடுத்த 2009-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த ஃபீஸ் கட்டிய பிறகும் பிள்ளை மாலையில் வெளியே போய்க் கற்க வேண்டியிருந்தால், நாம் எதற்குக் கட்டினோம் என்று கேட்பதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

இப்பவே சேர்க்கணும்னா என்ன கேட்கணும்?

கொள்கை மாறும் வரை பிள்ளை காத்திருக்க முடியாது, புரிகிறது. டியூஷன் தேவைதான் என்றால் ஃபீஸ் கட்டும் முன் இந்த ஐந்தைக் கேளுங்கள்.

1. பேட்சில் எத்தனை பேர், எவ்வளவு நேரம்? வகுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம்கூட வரவில்லை என்றால் யோசியுங்கள்.

2. முதல் வாரத்தில் கீழ் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு டெஸ்ட் வைப்பார்களா? வைக்காமல் நேராக முதல் சாப்டர் ஆரம்பித்தால், எந்தப் படி உடைந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

3. நோட்டைத் திருத்தித் தருவார்களா? வெறும் டிக் போதாது. எந்த வரியில் தவறு என்று சிவப்பு மையில் இருக்க வேண்டும்.

4. பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா? ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் எண் 1915.

5. வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது? காலை ஐந்தரைக்குப் போய், ஸ்கூல் முடிந்து, இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் பிள்ளை தானாக உட்கார்ந்து கணக்கு போடும் நேரம் எது? அந்த நேரம் இல்லாமல் கணக்கு வராது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன சோதனை. அவர்கள் நடத்திய பாடத்தில், கைடிலும் புக் பேக்கிலும் இல்லாத ஒரு கணக்கைக் கொடுங்கள். போடச் சொல்வதோடு, ஏன் அப்படிப் போடுகிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை தயங்காமல் காரணம் சொல்கிறதா என்பது கேட்டாலே தெரிந்துவிடும். சொன்னால் டியூஷன் வேலை செய்கிறது. "மிஸ் இப்படித்தான் போட்டாங்க" என்று வந்தால், பணம் காப்பி எடுப்பதற்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கேட்க வேண்டிய இன்னொரு இடம்

டியூஷன் சென்டரில் இவ்வளவு கேள்வி கேட்கிற நாம், ஸ்கூல் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் என்ன கேட்கிறோம்? "மார்க் ஏன் குறைஞ்சுது, நல்லா படிக்கச் சொல்லுங்க மிஸ்" என்பதோடு முடிந்துவிடுகிறது. மிஸ்ஸும் "ஒரு டியூஷன் வெச்சுருங்களேன்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டுவிட்ட இந்த வசனத்தில்தான் அந்த 24-வது பிரிவு காணாமல் போகிறது.

நம் நிலைப்பாடு இதுதான். ஒவ்வொரு பள்ளியின் டைம்டேபிளிலும் மேத்ஸுக்கும் சயின்ஸுக்கும் வாரத்தில் இரண்டு மணி நேரமாவது சந்தேகம் தீர்க்கும் நேரமாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் புதுப் பாடம் நடத்தக் கூடாது. வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும், நோட்டு பார்க்க வேண்டும். ஆசிரியர் போதவில்லை என்றால், வீட்டில் டியூஷன் எடுக்கும் அந்தப் பட்டதாரிகளையே அரசு சம்பளத்தில் உள்ளே கூப்பிடலாம். இல்லம் தேடிக் கல்வி காட்டிய வழிதான் அது. 50 பேருக்கு மேல் இருக்கும் சென்டர்களுக்குப் பதிவு, ஃபீஸ் ரசீது, தீப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் மாநிலச் சட்டமாகக் கட்டாயப்படுத்த வேண்டும்.

வசதியுள்ள வீடு எப்படியாவது ஒரு பத்து நிமிஷத்தை விலைக்கு வாங்கிவிடும். வாங்க முடியாத வீட்டில், −2 −3 என்ற இடத்தில் நின்றுபோன ஒரு பிள்ளை, "எனக்கு மேத்ஸ் வராது" என்று சொல்லி ப்ளஸ் ஒன்னில் வேறு குரூப் கேட்டு வாங்கிக்கொள்ளும். அது விரும்பி எடுத்த குரூப் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைப் பற்றிக் கேட்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "என் பிள்ளையோட கணக்கு நோட்டை இந்த மாசம் யாராவது வரி வரியா பார்த்தாங்களா, மிஸ்?"